‘ச்சீ’ பிடிக்கப் போய் விரல் மடங்கிய தங்கச்சிக்கு

ரங்கூன் தாம்வேயிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 49, சொந்தத் தையல் கடை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. நான்கு பக்கக் கடிதம், சாரம் இதுதான்:

“அக்கா, இரண்டு வருஷமாகத் தூக்கம் சரியில்லை. கரண்ட் வரும் நேரம் பார்த்து ராத்திரியில்தான் மெஷினில் உட்கார முடிகிறது. படுத்தால் இரண்டு மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து முழிப்பு வந்துவிடும். நிலநடுக்கத்துக்கு அப்புறம் இன்னும் மோசம். பகலில் உடம்பில் சக்தியே இல்லை. பிரஷருக்கு அம்லோடிப்பின் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். எதிர்வீட்டுச் சீனத்து அம்மா தினமும் காலையில் கையைத் தூக்கி இறக்கி ஏதோ செய்வார், கேட்டால் ச்சீகோங், சீனத்து மூச்சுப் பயிற்சி என்றார். அவரிடம் கற்றுக்கொள்ளக் கூச்சப்பட்டு, போனில் வீடியோ பார்த்து நானே ஆரம்பித்தேன். 40 நிமிஷம் வேகமாக, ஆழமாக இழுத்து, அடக்கி, விட வேண்டும். பத்தாவது நாள் உதடும் விரலும் மரத்துப்போய், இரண்டு கை விரல்களும் கோழிக்கால் மாதிரி மடங்கிக்கொண்டன. தலையும் சுற்றியது. சக்தி ஓடும் பாதைகள் திறக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்கிறது வீடியோ. உண்மையா? இது பழகினால் மாத்திரையை விடலாமா? நம்ம பிராணாயாமம் இருக்கும்போது சீனாக்காரன் மூச்சு எதுக்கு என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?”

தங்கச்சி, முதல் வேலையாக அந்த வீடியோவை நிறுத்துங்கள். ஒரு பாதையும் திறக்கவில்லை. நீங்கள் அளவுக்கு மீறி மூச்சு விட்டீர்கள், அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் பயம் போய்விடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் ரத்தத்தில் ஆக்சிஜன் 95 முதல் 100 சதவீதம் வரை நிறைந்துதான் இருக்கிறது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தக் கணக்குதான். நிறைந்த குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்றினாலும் வழியத்தான் செய்யும், ஆகவே வேகமாக ஆழமாக இழுத்து விடுவதால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, வெளியே போகும் கரியமில வாயுதான் கூடுகிறது. அதைக் கழிவு என்று நினைக்கிறோம், ஆனால் உடம்புக்கு அதுவும் ஓரளவு வேண்டும். ரத்தத்தில் அது சட்டென்று குறைந்தால் ரத்தத்தின் காரத்தன்மை ஏறும், ரத்தத்தில் கட்டில்லாமல் ஓடும் கால்சியம் குறையும், நரம்புகள் துள்ள ஆரம்பிக்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊர்வது அதனால்தான். இன்னும் கொஞ்சம் போனால் விரல்கள் குவிந்து மணிக்கட்டு மடங்கும், உங்கள் கோழிக்கால் அதுதான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் சுருங்கும், அதனால் தலை சுற்றும். பிரசவ வலியில் பயந்து மூச்சு வாங்கும் பெண்களுக்கும் இதே கை வந்து நான் பார்த்திருக்கிறேன். மெதுவாக மூச்சு விட ஆரம்பித்ததும் சில நிமிஷங்களில் சரியாகிவிடும். உங்களுக்கும் அப்படித்தான் சரியாகியிருக்கும்.

ச்சீகோங்கில் இப்படி இழுக்கச் சொல்வதே இல்லையா என்று கேட்டால், அந்தப் பெயருக்குள் நூறு விதமான பயிற்சிகள் இருக்கின்றன. ‘ச்சீ’ என்றால் காற்று, மூச்சு, உயிராற்றல் எல்லாம்தான். ‘கோங்’ என்றால் நாள்பட்ட உழைப்பில் கைவரும் திறமை. (நான் கற்றுக்கொண்ட புதிதில் காலையில் “ச்சீ செய்யப் போறேன்” என்று சொல்லிக் கிளம்பினால் என் மாமியார் முகத்தைச் சுளிப்பார். தமிழ்க் காதுக்கு அது வேறு ஒன்றுதானே.) பழக்கம் மிகப் பழையது. 1973இல் சீனாவின் ஹுனான் மாநிலத்தில் மவாங்துய் கல்லறையிலிருந்து ஒரு பட்டுத்துணி கிடைத்தது, கி.மு. 168இல் மூடிய கல்லறை. அதில் 44 பேர் கையை நீட்டி, இடுப்பை வளைத்துப் பயிற்சி செய்யும் படங்கள் இருக்கின்றன. ஆணும் பெண்ணும் கலந்து நிற்கிறார்கள், கூச்சமில்லாமல்! ஆனால் இவை எல்லாவற்றையும் ச்சீகோங் என்ற ஒரே பெயரில் கட்டி, மருத்துவமனைப் பயிற்சியாக ஆக்கியது 1950களில்தான். ஆகவே ஐயாயிரம் வருஷ ரகசியம் என்று யாராவது விற்க வந்தால், கையிலிருக்கும் காசை முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள்.

நான் ரங்கூனில் சீனர்கள் வாழும் லத்தாவில் ஒரு கான்டனீஸ் தாத்தாவிடம் கற்றேன். பிசியோதெரபி படித்து முடித்து, எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் இருந்த வயது. நான்காம் மாடியில் குறுகலான வரவேற்பறை, தாத்தா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தன் சட்டை ஓரத்தில் தொங்கிய நூலைப் பிய்த்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தார். “மூச்சு விடு” என்றார். விட்டேன், நூல் பறந்தது. “முட்டாள் மூச்சு” என்றார் பர்மிய மொழியில். இன்னொரு தடவை, இன்னொரு தடவை. ஒரு வாரம் எனக்கு வேறு பாடமே கிடையாது. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், நாலாம் நூற்றாண்டில் கெ ஹோங் என்ற சீனத் தாவோயிசப் பெரியவர் இதையே இறகை வைத்துச் சொல்லியிருக்கிறார்: மூக்கின் முன்னால் மெல்லிய இறகு, மூச்சு விடும்போது அது அசையக் கூடாது.

உங்கள் கடையில் இறகு இருக்காது, நூலுக்குப் பஞ்சமில்லை. ஒரு விரல் நீளத்துக்குத் தையல் நூலை வெட்டி, ஃபேனை நிறுத்திவிட்டு (கரண்ட் இல்லாத நேரத்தில் அந்த வேலையும் மிச்சம்), மூக்குக்கு நாலு விரல் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். இப்போது உங்கள் மூச்சில் நூல் ஆடும். ஆடாத அளவுக்கு மூச்சு மெலிய வேண்டும், அதற்காக அடக்கவும் கூடாது. இந்த ஒரு பரிசோதனை அந்த 40 நிமிஷ வீடியோவைவிட உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

இனிச் செய்முறை. முதலில் இடுப்பைத் தளர்த்துங்கள். கேலியில்லை. நம் பெண்களுக்குப் பாவாடை நாடாவையோ தமெய்ன் என்கிற பர்மிய லுங்கியையோ இறுக்கிக் கட்டி, வயிற்றை உள்ளே இழுத்து வைத்தே பழக்கம். போதாக்குறைக்கு நீங்கள் நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து இருக்கிறீர்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடைபோல ஒரு தசை இருக்கிறது, உதரவிதானம். மூச்சு இழுக்கும்போது அது கீழே இறங்க வேண்டும், வயிறு முன்னால் வந்து அதற்கு இடம் விட வேண்டும். இறுக்கிக் கட்டி, குனிந்து உட்கார்ந்தால் அது எங்கே இறங்கும்? கழுத்தும் தோளும் அதன் வேலையைச் செய்யும், சாயங்காலம் கழுத்து வலிக்கும், மூச்சு மேலாகவே வரும், மேல் மூச்சு பயத்தின் மூச்சு என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். தூக்கத்தில் நெஞ்சு அடிப்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள், முழங்காலைப் பூட்டாதீர்கள், உயரமான ஸ்டூலில் உட்காரப் போகிறவர் பாதி வழியில் மனம் மாறி நின்றதுபோல லேசாகத் தளர்ந்தால் போதும். நாக்கின் நுனி மேலண்ணத்தைத் தொட்டிருக்கட்டும். இரண்டு உள்ளங்கைகளையும் தொப்புளுக்கு மூன்று விரல் கீழே வையுங்கள். அந்த இடத்தைச் சீனர்கள் தான்தியன் என்பார்கள், சக்தியின் வயல் என்று பொருள் சொல்வார் எங்கள் தாத்தா. முதலில் மூச்சை வெளியே விடுங்கள், இழுப்பதில் ஆரம்பிக்காதீர்கள். முழுக்க விட்டதும் உள்ளே வருவது தானாக வரும். நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே, ஒரு எண்ணுக்கு ஒரு வினாடி. நடுவில் அடக்குதல் கிடையாது. இப்படி ஒரு நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். சாதாரணமாக நாம் 12 முதல் 20 வரை விடுகிறோம். ஆறு கஷ்டமாக இருந்தால் எட்டில் ஆரம்பியுங்கள், மூச்சு முட்டினால் அது பயிற்சியே அல்ல. ஐந்து நிமிஷம் போதும். காலையில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று.

வெளிமூச்சு ஏன் நீளமாக இருக்க வேண்டும் என்றால், மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளியே விடும்போது மெதுவாகும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியே போகும்போது இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. நம் வயதில் அந்த வித்தியாசம் குறைவு, ஆனாலும் கவனித்தால் சிலருக்குக் கையில் தட்டும். ராத்திரி மூன்று மணிக்கு முழித்தீர்களானால் எழுந்து போனைப் பார்க்காமல், படுத்தபடியே வயிற்றில் கைவைத்து இந்த நாலு ஆறைப் பத்துத் தடவை செய்யுங்கள். தூக்கம் வந்தே தீரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். படபடப்பு இறங்கும்.

எண்ணுவது பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி ஒலி. ஆறு ஒலிப் பயிற்சி என்று ஒன்று உண்டு, தாவோ ஹோங்ஜிங் என்ற மருத்துவர் சுமார் 1500 வருஷத்துக்கு முன் எழுதி வைத்தது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் ஒலி, நுரையீரலுக்கு உரியது காரமான மிளகாயைக் கடித்துவிட்டு “ஸ்ஸ்ஸ்” என்போமே, கிட்டத்தட்ட அதுதான். ஒலி நுரையீரலைச் சுத்தம் செய்கிறதோ இல்லையோ, ஸ்ஸ்ஸ் என்று நீட்டினால் வெளிமூச்சு தானாக நீளும். எனக்கு அது போதும். பேரப்பிள்ளைகளோடு செய்தால் வீடே சிரிக்கும்.

அப்போ சக்திச் சமநிலை? முப்பது வருஷமாக நோயாளிகளின் மூட்டையும் தசையையும் பிடித்துப் பார்த்தவள் நான், ச்சீயை அளக்க என்னிடம் கருவி இல்லை. அது சீன மருத்துவத்தின் மொழி, உடம்பைப் பார்க்க அவர்கள் வரைந்துகொண்ட படம். “உன் ச்சீ எல்லாம் தலைக்கு ஏறியிருக்கிறது, வயிற்றுக்கு இறக்கு” என்று தாத்தா சொன்னால், யோசனையை நிறுத்தி, தோளைத் தொங்கப்போட்டு, கவனத்தைத் தொப்புளுக்குக் கீழே கொண்டுவா என்று எனக்குப் புரியும். அப்படிச் செய்தால் நன்றாகவும் இருக்கும். ஆனால் ஊர்வது, உதறுவது, சூடு ஏறுவது, வெளிச்சம் தெரிவது என்று உணர்ச்சிகளைத் துரத்தக் கூடாது. சீன ஆசிரியர்களே அதற்கு ஒரு பெயர் வைத்து எச்சரிப்பார்கள், நெருப்பு தடம் மாறிப் பேய் புகுவது என்று. 1994இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலிலும் ச்சீகோங்கை மிதமிஞ்சிச் செய்து மனம் குழம்புவது தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. குடும்பத்தில் யாருக்காவது மனநோய்க்குச் சிகிச்சை நடந்தால் அவர்களைத் தனியாக மணிக்கணக்கில் இதில் உட்கார விடாதீர்கள், அதற்காகத்தான்.

சக்தியே இல்லை என்று எழுதினீர்கள் பாருங்கள், அதை மூச்சின் தலையில் கட்டாதீர்கள். 49 வயதில் ராத்திரி நெஞ்சடிப்பு, வியர்வை, முழிப்பு எல்லாம் மாதவிடாய் நிற்கும் காலத்தில் வருவதுதான். தீட்டு எப்படி இருக்கிறது என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அதிகமாகப் போனால் ரத்தசோகை வரும், அதுவும் களைப்பும் படபடப்பும் தரும், தைராய்டும் தரும். ஆகவே ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றும் பார்த்து, ஒரு ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், மயக்கம், துடிப்பு தாறுமாறாகத் தப்புவது, இதில் எது வந்தாலும் மூச்சுப் பயிற்சியில் உட்காராமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

இன்னொன்று, ராத்திரி மெஷினில் உட்காரும்போது பக்கத்தில் என்ன இருக்கிறது? நான் ஊகிக்கிறேன், ஒரு கோப்பைப் பால் டீ, ஒரு தட்டு லப்பே. நம் ஊரில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் முழித்திருக்க லப்பே சாப்பிடுவது உங்களுக்குத் தெரியாததா? புளிக்க வைத்தாலும் அது தேயிலைதான், காஃபின் போகாது, அதுவும் தேயிலையையே மென்று விழுங்குகிறோம். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் டீயும் லப்பேயும் வேண்டாம், இரண்டு வாரம் மட்டும் பாருங்கள். எத்தனையோ பேர் இதிலேயே பாதி குணமாகி என்னிடம் வருவதை நிறுத்திவிட்டார்கள், என் வருமானத்துக்குத்தான் கேடு.

மாத்திரையை விடலாமா என்பதற்குப் பதில் ஒரே வார்த்தை: கூடாது. மெதுவான மூச்சுப் பயிற்சியும் ச்சீகோங்கும் சிலருக்கு ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்குகின்றன என்று ஆய்வுகள் உண்டு. பல ஆய்வுகள் சிறியவை, இறங்குவதும் கொஞ்சம்தான். அழுத்தம் ஏறியிருப்பது பெரும்பாலும் வெளியே தெரியாது, மனசு அமைதியாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு என் அறைக்குத் தூக்கி வரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். காலையில் எழுந்து, டீக்கு முன்னால், ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து குறைவாக இருந்தால் அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள், குறைப்பது அவர் வேலை. அம்லோடிப்பின் சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்து நிற்கும்போது சில நேரம் தலை கிறுகிறுக்கும், ஆகவே நின்று செய்யும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும், தலையைத் தொங்கப்போட்டுக் குனியும் அசைவுகளை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருவோம். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். நம் திருமூலர் மூச்சுக்குக் கணக்கே வைத்திருக்கிறார்: இழுப்பது 16 மாத்திரை (கண்ணிமைக்கும் நேரம், மருந்து இல்லை), உள்ளே நிறுத்துவது 64, விடுவது 32. நடுவில் இருக்கும் அந்த 64தான் அதன் உயிர், குருவின் கண் முன்னால் வருஷக்கணக்கில் பழகுகிறவர்களுக்கு உரியது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்றால், நம் கும்பகத்தை, அதாவது மூச்சை உள்ளே அடக்குவதை, எங்கேயோ பாதி கேட்டதும், வீடியோவின் வேகமும், சீனத்துப் பெயருமாகச் சேர்த்து ஒரே சட்டியில் கிளறிவிட்டீர்கள். பிரஷர் இருப்பவர்களுக்கு நீண்ட நேரம் அடக்குவதை நான் எந்தப் பெயரிலும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதோடு அவருக்கு இதையும் சொல்லுங்கள், மூச்சு விஷயத்தில் ரங்கூனைப்போல வசதியான ஊர் கிடையாது. மஹாசி சயாடோ என்ற பர்மியத் துறவியின் வழியில் உட்காருகிறவர்கள் வயிறு எழுவதையும் தாழ்வதையும் வெறுமனே கவனிக்கிறார்கள், மாற்றுவதே இல்லை. அரசாங்கக் கணக்குத்துறையில் தலைமை அதிகாரியாக இருந்த ஊ பா கின் 1952இல் இதே ஊரில் தியான மையம் தொடங்கினார், அங்கே மூக்கு நுனியில் இயல்பான மூச்சைக் கவனிப்பதுதான் முதல் பாடம். மாண்டலேயில் பிறந்த இந்தியர், பின்னாளில் விபாசனா ஆசிரியரான கோயங்கா, கடுமையான ஒற்றைத் தலைவலியோடு அவரிடம் போனபோது, தலைவலிக்காக வந்தால் சேர்க்க மாட்டேன் என்றாராம். சீனர் மூச்சை அசைவோடு இழைக்கிறார்கள், நம்மவர் எண்ணி நிறுத்துகிறார்கள், பர்மியர் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். நெஞ்சடிப்போடு தையல் மெஷினில் குனிந்து கிடக்கும் உங்களுக்கு இப்போதைக்கு உடம்பை நிமிர்த்தும் வழி நல்லது என்பதால் சீனர் பக்கம் சாய்கிறேன், அவ்வளவுதான். அவர் காலையில் கோயிலுக்குப் போய்ப் பிராணாயாமம் செய்யட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள். செய்கிறாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

எதிர்வீட்டு அம்மா கையைத் தூக்கி இறக்குவது அநேகமாக பாதுவான்ஜின் என்கிற எட்டு அசைவுப் பயிற்சியாக இருக்கும், பெயருக்கு எட்டுத் துண்டுப் பட்டு என்று அர்த்தம். தையல்காரிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. முதல் அசைவில் விரல்களைக் கோத்து, உள்ளங்கையைத் திருப்பி வானத்தைத் தாங்குவதுபோல மேலே நீட்டுவார்கள், மூச்சு உள்ளே. கைகளைப் பிரித்து இரண்டு பக்கமும் இறக்குவார்கள், மூச்சு வெளியே. குனிந்து தைத்த முதுகுக்கு அந்த ஒரு நீட்டலே ஒத்தடம் மாதிரி. முழுசாகச் செய்தாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாளைக் காலை ஒரு பை வாழைப்பழத்தோடு அவர் வாசலில் போய் நில்லுங்கள், கூச்சத்தை வீட்டில் வைத்துவிட்டு. அவருக்குப் பின்னால் நின்று பார்த்துச் செய்தாலே போதும், அவர்களும் அப்படித்தான் கண்டோஜி ஏரிக்கரையில் ஒருவர் முதுகைப் பார்த்து ஒருவர் கற்றார்கள்.

ஆறு வாரம் கழித்து எழுதுங்கள். பிரஷர் நோட்டில் என்ன இருக்கிறது, ரத்தப் பரிசோதனை என்ன சொன்னது, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, மூன்றும் வேண்டும். கடைசி லப்பே எத்தனை மணிக்கு என்பதையும் உண்மையாக எழுதுங்கள்.